வாசித்தவர் இருக்கும்போதே கொடுங்கள்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

இசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து உங்கள் பட்டியலில் சேர்த்துக் கௌரவிப்பவர்கள் நீங்கள். அதற்கென்று அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஓர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறீர்கள். 2025 நவம்பரில் நீங்கள் நடத்திய விழாவில் 'மியூசிக்கல் எக்ஸலன்ஸ்' (இசைச் சிறப்பு) விருதுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள். தயாரிப்பாளர் தாம் பெல், பியானோ வாசித்த நிக்கி ஹாப்கின்ஸ், பேஸும் கிட்டாரும் வாசித்த கரோல் கே. தாம் பெல் 2022 டிசம்பரில் இறந்துவிட்டார். நிக்கி ஹாப்கின்ஸ் இறந்து அப்போதே 31 வருடம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தவர் 90 வயது கரோல் கே ஒருவர்தான். அவர் வர மறுத்துவிட்டார்.

முந்தைய வருடத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2024இல் அதே விருதுக்கு நான்கு பெயர்கள். பாடகர் ஜிம்மி பஃபெட் 2023 செப்டம்பரிலேயே போய்விட்டார். தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் 2008இல். எம்சி5 ராக் குழுவின் வெய்ன் கிராமர் அந்த வருடம் பிப்ரவரியில் இறந்தார். உங்கள் அறிவிப்பு ஏப்ரலில் வந்தது. மே மாதம் டென்னிஸ் தாம்ப்சனும் இறந்தார். அவரோடு அந்தக் குழுவின் ஐந்து பேரும் முடிந்தார்கள். விழா அக்டோபரில் நடந்தது. மிச்சம் இருந்தவர் பாடகி டியான் வார்விக். ஆக, இரண்டு வருடத்தில் ஏழு தேர்வுகள். மேடைக்கு வந்து கையில் வாங்கிக்கொண்டவர் ஒரே ஒருவர்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கடை திறப்பு விழா என்று முப்பது வருடத்துக்கு மேல் மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் நாட்டவன் இல்லை. உங்கள் வாக்காளனும் இல்லை. ஆனால் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டதில் பாதி உங்கள் நாட்டுக்காரர் ஒருவரிடம். அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமா, கப்பலில் வந்த ஒருவரிடம் வாங்கியதாகச் சொல்லி ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது மீசை அரும்பும் வயது. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுத் தொகுப்பு அது. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர். பாட்டு வரிகள் பாதிக்கு மேல் புரியாது. நான் கேட்டதெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருந்த பேஸை. பாடுகிறவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பார், அது தன் பாட்டுக்கு இன்னொரு கதை சொல்லிக்கொண்டு போகும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்' பாட்டை எத்தனை தடவை ரீவைண்ட் செய்தேன் என்று கணக்கே இல்லை. நாடா சிக்கிக்கொள்ளும், பென்சிலை விட்டுச் சுற்றுவேன், மறுபடி போடுவேன். அந்த ஓட்டத்தை இரண்டு விரலால் பிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார் என்று பிற்பாடு படித்தபோது, அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

கேசட் அட்டையில் பாடகர்கள் பெயர் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது, வாசித்தவர் பெயர் இல்லை. இங்கே வரும் சினிமாப் பாட்டுக் கேசட்டிலும் அப்படித்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டவுன் கம்பெனி தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ராப்பகலாக வாசித்தவர்களின் பெயரை 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வரும்வரை இசைத்தட்டு உறையில் போடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் அச்சில் வந்த மறுவருடமே கம்பெனி டெட்ராய்ட்டைக் காலி செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது.

1983 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் 25ஆம் ஆண்டு விழா பாசடீனாவில் நடந்தது. ஜேமர்சனும் போயிருந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு, பார்வையாளராக. அதே வருடம் ஆகஸ்ட் 2ஆம் தேதி 47 வயதில் இறந்துபோனார். உங்கள் முதல் தேர்வே 1986இல்தான் நடந்தது. ஆகவே அவர் இருக்கும்போது நீங்கள் சேர்த்திருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். 2000இல், பின்னர் மியூசிக்கல் எக்ஸலன்ஸ் என்று பெயர் மாறிய பிரிவைப் பின்னணி வாத்தியக்காரர்களுக்கென்று தொடங்கி முதல் ஐந்து பேரில் அவரையும் சேர்த்தீர்கள். அதற்கு என் நன்றி உண்டு.

ஆனால் ஜேமர்சன் தனியாக வாசிக்கவில்லையே. அந்தச் சின்ன அறையில் அவரோடு கிட்டாரும் பியானோவும் டிரம்ஸும் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் இருந்தார்கள். மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டியை 1988இல் சேர்த்தீர்கள். பாட்டெழுதிய ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரையும் 1990இல் சேர்த்தீர்கள். மார்வின் கே 1987, சுப்ரீம்ஸ் 1988, டெம்ப்டேஷன்ஸும் ஸ்டீவி வொண்டரும் 1989, ஃபோர் டாப்ஸ் 1990. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டும் 2024இல் வந்துவிட்டார். முதலாளி உள்ளே, எழுதியவர்கள் உள்ளே, பாடியவர்கள் உள்ளே. இத்தனை பேருக்கும் வாசித்தவர்களில் ஜேமர்சனும், 1969இலேயே இறந்துபோன டிரம்மர் பென்னி பெஞ்சமினும் மட்டும்தான் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வாசல் திறக்கவில்லை. கிராமி அமைப்பு 2004இலேயே அவர்களைக் குழுவாக அழைத்து வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. உங்களுக்கு அது ஒரு நினைவூட்டலாக இருந்திருக்கலாம். அந்தக் குழுவின் ஜோ ஹன்டர் 2007இல் போனார். யூரியல் ஜோன்ஸ் 2009இல். பாப் பாபிட் 2012இல். எடி வில்லிஸ் 2018இல். ஜோ மெசினா 2022இல். இந்தச் சாவுகள் எல்லாமே உங்கள் பிரிவு தொடங்கிய பிறகு நடந்தவை.

நான் உங்கள் அருங்காட்சியகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். என் மகன் ஒஹாயோவில் வேலை பார்க்கிறான். ஒரு வசந்த காலத்தில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது கிளீவ்லேண்டில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். 1978 முதல் உங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் ஈஸ்டரை ஒட்டிக் கர்னாடக இசை விழா நடக்கிறது. சென்னையிலிருந்து பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். ஏரிக்கரையில் ஐ. எம். பெய் கட்டிய உங்கள் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது.

நான் மேடைப் பாட்டுக்கு வாசிப்பவன், கர்னாடக சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. இருந்தாலும் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நிகழ்ச்சிநிரலில் பாட்டு இன்னார் என்று போட்டு, அதற்குக் கீழேயே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. கச்சேரி நடுவில் பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனம் வாசித்தார்கள். அவ்வளவு நேரமும் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பாடகர்தான். பக்கவாத்தியக்காரருக்கு உரிய நேரம் அது, அதில் பாடகர் அவருக்குத் துணை. எங்கள் ஆட்களும் தவறே செய்யாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த வருடம் பாலக்காடு மணி ஐயர் அதை நேரில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வருடம் வாசித்தார்.

மறுநாள் உங்கள் கட்டடத்துக்கு வந்தேன். உடைகள், கிட்டார்கள், கையால் எழுதிய பாட்டு வரிகள் என்று எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். எல்விஸ் பகுதியில் அதிக நேரம் நின்றேன், காரணம் அவர் பாட்டில் ஸ்காட்டி மூர் வாசித்த கிட்டார். எல்விஸ் 1986இல் முதல் வரிசையிலேயே உள்ளே வந்தார். அவரோடு அதே அறையில் வாசித்த ஸ்காட்டி மூர் 2000இல் வந்தார். பேஸ் வாசித்த பில் பிளாக்கும் டிரம்ஸ் வாசித்த டி. ஜே. ஃபொன்டானாவும் 2009இல். பில் பிளாக் 1965இலேயே இறந்தவர். ஒரே பாட்டுக்கு மூன்று தவணையாகவா மரியாதை செய்வது?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எனக்கு பேஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். எங்கள் வட்டாரத்தில் பெயரெடுத்த ஒரு குழுவில் 28 வருடம் வாசித்தார். கொடை விழா மேடையில் பாடகர்களுக்குப் பொன்னாடை போடுவார்கள், அறிவிப்பாளருக்குப் போடுவார்கள், சில நேரம் மைக் செட்காரருக்கும் போடுவார்கள். அண்ணன் பின்னால் நின்று ஆம்ப்பைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். ஒரு மாதம் கழித்துப் படத்திறப்பு நடத்தினார்கள். நல்ல கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் அழுதார்கள், அது பொய் அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். முடிவில் மதினியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஷீல்டைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி அந்த ஷீல்டை என்னிடம் நீட்டினார். "இதுல லீடு கிட்டார்னு போட்டிருக்காங்களே தம்பி. அவுக வாசிச்சது பேஸ்லா?" என்று கேட்டார்.

28 வருடம் அவர் வாசித்த வாத்தியத்தின் பெயர் அதில் தப்பாக இருந்தது. அண்ணன் இருந்திருந்தால் அந்த மேடையிலேயே, "ஏய், இது நான் இல்லப்பா" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருப்பார். அவர்களும் திருத்தியிருப்பார்கள். போனவரால் திருத்த முடியாது. நான் அந்தக் குழுவிடம் இரண்டு முறை சொன்னேன். மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஷீல்டு இன்னமும் அப்படியேதான் இருக்கிறது, அண்ணனுடைய ஆம்ப் மேலே, துணி போட்டு மூடி.

கரோல் கே வர மறுத்த செய்தியைப் படித்தபோது எனக்கு மதினி முகம்தான் வந்தது. பலர் அதை ஒரு வயதான அம்மாவின் கோபம் என்று எழுதினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பது பலர் சேர்ந்து செய்கிற வேலை, நீங்கள் கொடுக்கும் விருது அந்த வேலையைச் சரியாகக் காட்டவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1960களின் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவு வாத்தியக்காரர்கள் மீது ஒட்டவைத்திருக்கும் 'ரெக்கிங் க்ரூ' என்ற பெயரும் தனக்கு உடன்பாடில்லை என்று அவர் பல வருடமாகச் சொல்லி வருகிறார். 1958இல் ரிச்சி வேலன்ஸின் 'லா பாம்பா'வுக்கு கிட்டார் வாசித்தவர் அவர். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' பதிவுகளில் பேஸ் வாசித்தவர். பீச் பாய்ஸ் 1988இல் உங்கள் பட்டியலுக்கு வந்தார்கள், ரிச்சி வேலன்ஸ் 2001இல். 1988இல் கரோல் கேவுக்கு வயது 53. அன்றைக்கே அவரை அழைத்து, "அம்மா, உங்கள் வேலையை நாங்கள் எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்லவும் உங்களோடு சண்டை போடவும் சேர்ந்து திருத்தவும் அவருக்குக் காலம் இருந்திருக்கும். 90 வயதில் கேட்டீர்கள். அவர் பதில் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிறவரைத் தேர்ந்தெடுத்தால் நமக்குக் கிடைப்பது அதுதான், பதில். நிக்கி ஹாப்கின்ஸிடமிருந்து உங்களுக்கு அது கிடைக்காது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், கிங்க்ஸ், தி ஹூ என்று நீங்கள் 1988க்கும் 1990க்கும் இடையில் சேர்த்துக்கொண்ட நான்கு குழுக்களுக்கும் பியானோ வாசித்தவர் அவர். அந்த மூன்று வருடமும் உயிரோடுதான் இருந்தார். 1994இல் 50 வயதில்தான் இறந்தார்.

தாமதத்துக்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். முதல் பதிவு வெளியாகி 25 வருடம் ஆகியிருக்க வேண்டும். பிறகு பரிந்துரை, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு. வாக்கு யாருக்கு விழும் என்பது உங்கள் கையில் இல்லை. சரி, முக்கியப் பிரிவுக்கு இதை ஏற்றுக்கொள்கிறேன். அங்கேயும் ஆற்றாமை இல்லாமல் இல்லை. தன்னை உயிரோடு இருக்கும்போதே கௌரவியுங்கள் என்று பாடகர் சப்பி செக்கர் 2001இல் பில்போர்டு பத்திரிகையில் சொந்தக் காசில் விளம்பரமே கொடுத்தார். 2025இல் 84 வயதில்தான் அவர் முறை வந்தது. 2025இல் ரசிகர் வாக்கில் முதலிடம் வந்த ஃபிஷ் குழு தேர்வாகவில்லை. அதையெல்லாம் வாக்காளர்களிடம்தான் கேட்க வேண்டும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும் மியூசிக்கல் எக்ஸலன்ஸ் பிரிவுக்கு அந்த ஆயிரம் பேர் வாக்களிப்பதில்லை. வாக்குச்சீட்டே கிடையாது. உங்கள் குழு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறது. நினைத்தால் இந்த வருடமே செய்யலாம். வெய்ன் கிராமர் இருக்கும்போது பலமுறை எம்சி5 பெயரை வாக்குச்சீட்டில் போட்டுப் பார்த்தீர்கள், வாக்கு விழவில்லை. வாக்கில்லாமலே சேர்த்துக்கொள்ளும் வழி அப்போதும் உங்களிடம் இருந்தது. அவர் போன பிறகு அந்த வழியில் சேர்த்தீர்கள். மூன்று மாதம் முந்தியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

மொத்தமாகத் திருத்தவும் உங்களுக்குத் தெரியும். 2012இல் தனிக் குழு ஒன்று அமைத்து, முன்னால் நின்றவரை மட்டும் சேர்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களை விட்டுவிட்ட ஆறு குழுக்களை ஒரே நாளில் சேர்த்தீர்கள். பட்டி ஹாலியின் கிரிக்கெட்ஸ், ஜேம்ஸ் பிரவுனின் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ், ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ், பில் ஹேலியின் காமெட்ஸ், ஹேங்க் பாலர்டின் மிட்நைட்டர்ஸ், ஜீன் வின்சென்ட்டின் ப்ளூ கேப்ஸ். நீங்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது. ஆனால் ஃபேமஸ் ஃப்ளேம்ஸில் அப்போது மிஞ்சியிருந்தவர் பாபி பென்னட் ஒருவர்தான். 2013 ஜனவரியில் அவரும் போய்விட்டார். ஜேம்ஸ் பிரவுன் உள்ளே வந்து 26 வருடம் கழித்து, அந்த நால்வரில் ஒருவருக்கு, அதுவும் ஒன்பது மாதத்துக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி கிடைத்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை 1999இல் தனியாகச் சேர்த்துவிட்டு அவருக்குப் பின்னணி வாசித்த ஈ ஸ்ட்ரீட் பேண்டை 2014இல் சேர்த்ததும் இதே கதைதான். இடையில் ஆர்கன் வாசித்த டேனி ஃபெடரிச்சியும் சாக்ஸபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸும் இறந்துபோனார்கள்.

இன்னும் வெளியே நிற்பவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பாது.

ஒருவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர். 1970இல் வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் தனியாக வாசிக்கும் சில நொடிகளை வெட்டி எடுத்து ஒட்டித்தான் ஏராளமான ஹிப் ஹாப் பாட்டுகள் உருவாயின. பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ., எல்எல் கூல் ஜே என்று மூவரும் அதை எடுத்தாண்டவர்கள், மூவரையும் நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். எழுதியவராகப் பெயர் போடப்படாததால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அந்தப் பாட்டுகளிலிருந்து ராயல்டியாகப் பெரிதாக எதுவும் வரவில்லை. 2017இல் இறந்தார். அவரோடு மாறி மாறி வாசித்த ஜாபோ ஸ்டார்க்ஸ் 2018இல். எங்கள் குழுவின் டிரம்மர் பையன் தன் கைப்பேசியில் அந்தத் தாளத்தைப் போட்டு அதோடு சேர்ந்து பழகுவான். வாசித்தவர் யார் என்று ஒருநாள் நான்தான் சொன்னேன். உங்கள் அரங்கமும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

இன்னொருவர் டேவிட் ஹூட், அலபாமாவில் மசில் ஷோல்ஸ் ரிதம் செக்‌ஷனின் பேஸ் வாசிப்பவர். 'ஸ்வாம்பர்ஸ்' என்றால் சட்டென்று தெரியும். நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள். அரீதா ஃபிராங்க்ளினுக்கும் வில்சன் பிக்கெட்டுக்கும் அந்த வட்டாரத்து வாத்தியக்காரர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1969இல் அலபாமாவின் ஷெஃபீல்டில் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் தொடங்கினார்கள். ஸ்டேபிள் சிங்கர்ஸின் 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டின் நடுவில் பேஸ் மட்டும் மேலே எழும்பி வரும் இடம் ஒன்று உண்டு. பாடுகிற மேவிஸ் ஸ்டேபிள்ஸே அந்த இடத்தில் வாசிப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார். பாட்டிலேயே பெயர் இருக்கிறது, உங்கள் பட்டியலில் இல்லை. அரீதா 1987, பிக்கெட் 1991, ஸ்டேபிள் சிங்கர்ஸ் 1999 என்று நீங்கள் வரிசையாகச் சேர்த்தீர்கள். ஸ்வாம்பர்ஸில் பேரி பெக்கெட் 2009இல் போனார், ஜிம்மி ஜான்சன் 2019இல், ரோஜர் ஹாக்கின்ஸ் 2021இல். 1943இல் பிறந்த ஹூட் ஒருவர் மிச்சம்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

2012இல் அமைத்ததைப் போல ஒரு தனிக் குழுவை மறுபடி அமையுங்கள். இந்த முறை அதன் வேலை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கலைஞர்களின் பதிவுகளில் வாசித்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுப்பது. அதில் 75 வயது கடந்தவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மர்கள் இருவரைச் சொல்கிறேன்: பெர்னார்ட் பர்டி 1939இல் பிறந்தவர், ஜிம் கெல்ட்னர் 1942இல். 2025 வரையிலான உங்கள் பட்டியல்களில் இரண்டு பெயரும் இல்லை.

மியூசிக்கல் எக்ஸலன்ஸ் பிரிவில் ஒவ்வொரு வருடமும் பாதி இடமாவது உயிரோடு இருக்கும் பின்னணி வாத்தியக்காரர்களுக்கு என்று விதியாகவே எழுதிவிடுங்கள். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டபிள்ஃபீல்டையும் ஸ்டார்க்ஸையும் அடுத்த முறையே சேருங்கள். ஆனால் அவர்களுக்கு இனி அவசரமில்லை, இருப்பவர்களுக்கு இருக்கிறது.

ஃபங்க் பிரதர்ஸையும் ஸ்வாம்பர்ஸையும் ஆள் ஆளாகப் பிரிக்காமல் குழுவாகச் சேருங்கள். சேர்ந்து வாசித்தவர்கள் அவர்கள்.

அறிவிப்பதற்கு முன் அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தப் பெயரில், எந்த வாத்தியத்துக்கு, யாரோடு சேர்த்து என்று. கரோல் கேவிடமும் மறுபடி பேசிப் பாருங்கள். விழாவுக்கு அழைக்க வேண்டாம், அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதற்காகப் பேசுங்கள்.

கடைசியாக, அருங்காட்சியகத்தில் எந்தப் பாட்டை ஒலிக்கவிட்டாலும், பாடியவர் பெயருக்குக் கீழே வாசித்த ஒவ்வொருவர் பெயரும் அவர் வாத்தியமும் பிழையில்லாமல் இருக்கட்டும். பேஸ் வாசித்தவருக்கு பேஸ் என்றே போடுங்கள்.

டேவிட் ஹூட்டை இந்த வருடமே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஒருவன்,
திருநெல்வேலி